கேப்டன் பாய்காட்டின் டர்னிப் வயல்

1880 நவம்பர். அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் மேயோ மாவட்டம். லாக் மாஸ்க் என்ற ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பண்ணையில் ஐம்பது கூலியாட்கள் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் காலாட்படை, குதிரைப்படை, போலீஸ் என்று ஏறத்தாழ ஆயிரம் பேர் காவல். தோண்டுகிறவன் ஒருவன் என்றால் அவனுக்குப் பாதுகாப்பாக நிற்பவர்கள் இருபது பேர். விளைச்சலின் மதிப்பு எப்படிப் பார்த்தாலும் 500 பவுண்டைத் தாண்டாது. அதை வயலிலிருந்து எடுக்க ஆன செலவு ஏறத்தாழ 10,000 பவுண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் சிக்கனம். தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் விழுந்தது என்று கேலி செய்தார் அயர்லாந்துத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல்.

பண்ணையை நடத்தியவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். ஆம், அதே பாய்காட்தான். வகுப்பு பாய்காட், கோர்ட் பாய்காட், தேர்தல் பாய்காட் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நம் காதில் விழும் அந்தச் சொல் ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் போராட்டக்காரர் அல்ல. போராட்டம் நடந்ததே அவரை எதிர்த்துத்தான். எதையும் கண்டுபிடிக்காமல், எதையும் சாதிக்காமல், தன்னிடம் யாரும் பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உலக அகராதிகளில் இடம்பிடித்த ஆள் இவராகத்தான் இருக்கும்.

பாய்காட் 1832-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார். கேப்டன் பதவியை எட்டவில்லை. ஆனாலும் ஊரார் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை. அயர்லாந்தில் எர்ன் பிரபு என்ற பெருநிலக்கிழாருக்கு மேயோவில் இருந்த நிலங்களுக்கு இவர்தான் ஏஜென்ட். குத்தகைதாரர்களிடம் வசூல் செய்து அனுப்புவது, பாக்கி வைத்தவர்களை வெளியேற்றுவது எல்லாம் இவர் பொறுப்பு. பெரிய கொடுங்கோலர் என்று சொல்வதற்கில்லை. அற்ப விஷயங்களில் கறார். கேட்டைத் திறந்துபோட்டால் அபராதம், கோழி எல்லை தாண்டினால் அபராதம். ஏழைக் குடியானவர்கள் பெரிய அநியாயத்தைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம், கோழிக்குப் போட்ட அபராதத்தை மறக்க மாட்டார்கள்.

1879-ல் விளைச்சல் பொய்த்தது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், பழைய பயம் திரும்பி வந்தது. அந்த அக்டோபரில்தான் மைக்கேல் டேவிட்டின் முயற்சியில் ஐரிஷ் நிலச் சங்கம் உருவாயிற்று. பார்னெல் அதன் தலைவர். மறுவருடம் எர்ன் பிரபு குத்தகையில் பத்து சதவீதம் வஜா செய்வதாகச் சொன்னார். ரூபாய்க்கு நாலணா, அதாவது இருபத்தைந்து சதவீதம் குறைத்தால்தான் கட்டுபடியாகும் என்றார்கள் குத்தகைதாரர்கள். பிரபு மறுத்தார். பாய்காட், பதினொரு குடும்பங்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் வாங்கிவிட்டார்.

சரியாக அந்த நேரத்தில், 1880 செப்டம்பர் 19 அன்று, என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். பக்கத்துக் குடியானவனை விரட்டிவிட்ட நிலத்தைப் போட்டிபோட்டுக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். சுட்டுத் தள்ளு என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் அவர். தெருவில் கண்டால் ஒதுங்கிப் போங்கள், கடையில் ஒதுக்குங்கள், சந்தையில் ஒதுக்குங்கள், கோயிலில்கூட ஒதுக்குங்கள், அந்தக் காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதைப் போல என்றார். அந்த உவமை இன்று கூசவைக்கிறது. அன்றைய கூட்டத்துக்கு அது உடனே புரிந்தது.

மூன்றே நாளில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. செப்டம்பர் 22 அன்று அமீனா ஒருவர் பதினேழு போலீஸ்காரர்களுடன் நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினார். நோட்டீஸைக் குடும்பத் தலைவர் கையிலோ அவர் மனைவி கையிலோ கொடுத்தால்தான் செல்லும். மூன்று வீடுகளில் கொடுத்துவிட்டார். நாலாவது வீட்டுப் பெண்மணி வாங்க மறுத்து, சிவப்புத் துணி ஒன்றை ஆட்டிக் காட்டினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கல், சேறு, சாணம் என்று கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. அமீனாவும் போலீஸும் பாய்காட்டின் வீட்டுக்குள் ஓடிப் புகுந்துகொண்டார்கள். வரலாற்று நூல்களில் பார்னெலுக்கும் போராட்டத்துக்குத் துணைநின்ற உள்ளூர்ப் பாதிரியாருக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. சாணத்தைக் கையில் எடுத்த பெண்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

அடுத்த நாளே ஊர் மொத்தமாக விலகியது. பண்ணையாட்கள் போனார்கள், வீட்டு வேலைக்காரர்கள் போனார்கள். கொல்லன் லாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்க வரவில்லை. தபால் கொண்டுவந்த பையனை மிரட்டி நிறுத்திவிட்டார்கள். பாய்காட்டின் உறவுக்காரப் பையன் ஒருவன் தபால் எடுத்துவரப் போனபோது அவனையும் வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து டவுனான பாலின்ரோபில் ரொட்டிகூடக் கிடைக்கவில்லை, வேறு ஊரிலிருந்து படகில் வரவழைக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 18 அன்று லண்டன் டைம்ஸில் அவருடைய கடிதம் வெளியானது. கொல்லன், சலவைக்காரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவராகச் சொல்லி முறையிடும் கடிதம். படித்தால் பரிதாபமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி ஒருவர் சலவைக்காரி வரவில்லை என்று உலகத்துக்கே எழுதுகிறார்.

அதில்தான் விஷயமே இருந்தது. பேசாமல் இருப்பது எந்தச் சட்டப்படி குற்றம்? ரொட்டி விற்க மாட்டேன் என்பவனை எந்தப் பிரிவில் கைது செய்வது? அரசாங்கம் கையைப் பிசைந்தது. டப்ளின் பத்திரிகை ஒன்று நிதி திரட்டியது. கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து புராட்டஸ்டண்ட் ஆரஞ்சு அமைப்பினர் அறுவடைக்கு வர முன்வந்தார்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் கலவரம் வெடிக்கும் என்று அஞ்சி ஐம்பது பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது. கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு ஒரு வண்டிகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. பாலின்ரோப் வரை மழையில் நடந்தே போனார்கள்.

கலவரம் வரவில்லை என்பதுதான் படைகளுக்குப் பெரிய ஏமாற்றம். நிலச் சங்கத்தின் உள்ளூர்த் தூண் ஜான் ஓமாலி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். யாரும் தெருவுக்கு வரக்கூடாது என்று அவர் சொல்லிவைத்திருந்தார். படை போகும் வழியில் ஒரே ஒரு கிழவி மட்டும் நின்றிருந்தாராம். ராணுவத்தை மிரட்டாதே என்று உனக்கு நான் சொல்லவில்லையா என்று பாதிரியார் அந்தக் கிழவியைப் பார்த்துச் சத்தம் போட்டாராம். இப்படி ஒரு கதை அந்தப் பக்கத்தில் உண்டு.

நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பத்தோடு கிளம்பினார். வண்டியோட்ட ஆள் கிடைக்கவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. டப்ளினில் தங்கிய ஹோட்டலுக்கு, அவரை வைத்திருந்தால் உனக்கும் இதே கதிதான் என்று மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அடுத்த வருடம் நியூயார்க் போனபோது சார்லஸ் கன்னிங்ஹாம் என்று மட்டும் பெயர் கொடுத்துப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெயர் வினைச்சொல்லான கதை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்போது மேயோவில் இருந்தார். அடிமை ஒழிப்புப் போராளி ஜான் பிரவுனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர். ஓமாலி பாதிரியாருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் போராட்ட முறைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசைஸ் என்று ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது. அது குடியானவர்கள் வாயில் நுழையாது என்றார் பாதிரியார். நெற்றியைத் தட்டி யோசித்துவிட்டு, இப்படிச் செய்வதை பாய்காட் செய்வது என்றே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார். ரெட்பாத்தே எழுதிவைத்த சம்பவம் இது. பத்திரிகைக்காரர் சொல்லும் கதையில் கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும். ஆனால் சொல் பரவிய வேகத்தைச் சந்தேகிக்க வழியில்லை. பாய்காட் அயர்லாந்தைவிட்டுப் போவதற்கு முன்பே, அதே நவம்பரில், லண்டன் டைம்ஸ் வேறொரு ஐரிஷ் ஊரின் செய்தியில் இதை வினைச்சொல்லாகப் பயன்படுத்திவிட்டது. கொஞ்ச நாளில் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்ததும் போயிற்று. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்று போன மொழியெல்லாம் இதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொரு பாய்காட்டைத் தெரியும். யார்க்ஷயர்க்காரர் ஜெஃப்ரி பாய்காட். 1981 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் சோபர்ஸின் 8,032 ரன் சாதனையைத் தாண்டியவர். அப்போது நிறவெறி அரசுக்கு எதிராக உலகமே தென்னாப்பிரிக்காவை விளையாட்டில் பாய்காட் செய்துகொண்டிருந்தது. அதை மீறி 1982-ல் அங்கே போன இங்கிலாந்துக் கலகக் குழுவில் இவரும் இருந்தார். மூன்று வருடத் தடை விழுந்தது. பெயரில் பாய்காட்டை வைத்துக்கொண்டு பாய்காட்டை உடைத்தவர்.

சொல் பிறந்தது 1880-ல் என்றாலும் செயல் அதற்கு முந்தியது. 1791-ல் இங்கிலாந்தில் பல குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்க மறுத்தன. அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் அதற்கும் முன்பே பிரிட்டிஷ் சரக்கை இறக்குமதி செய்ய மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அவர்களுக்கு இந்த ஒற்றைச் சொல் இல்லாததால் விலகல், தவிர்ப்பு, இறக்குமதி மறுப்பு என்று சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சொல் அரசியல் ஆயுதமாக வந்து சேர்ந்தது 1905-ல். வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த ஆண்டே தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனி. மேயோவை அப்படியே நினைவூட்டுவது கப்பலைவிட, 1908 பிப்ரவரி கடைசியில் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தம்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நிற்க, ஊரும் சேர்ந்துகொண்டது. வேலைநிறுத்தத்துக்கு எதிரானவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டோம் என்று நாவிதர்கள் கத்தியை மடக்கினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது.

காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் சட்டசபை, கோர்ட், அரசுப் பள்ளி மூன்றையும் பகிஷ்கரிக்கச் சொன்னது. ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். ஈரோட்டில் பெரியாருக்கு வர வேண்டிய கடன் பாக்கி ஏறத்தாழ 50,000 ரூபாய், கேஸ் போட்டால்தான் வசூலாகும். பத்திரங்களைத் தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் தானே வசூலித்துத் தருவதாக சேலம் விஜயராகவாச்சாரியார் சொன்னார். அதுவும் நான் கோர்ட்டுக்குப் போவதும் ஒன்றுதான் என்று பெரியார் மறுத்துவிட்டார். அந்தக் காலத்து 50,000 ரூபாய்!

யாழ்ப்பாணத்தில் இது இன்னொரு எல்லைக்குப் போனது. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராஜ்யம் தரவில்லை என்று 1931-ல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தல் பகிஷ்காரத்தை அறிவித்தது. வடக்கில் நான்கு தொகுதிகளில் வேட்பாளரே நிற்கவில்லை. 1934 வரை அந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தமிழர்களே தங்கள் குரலை இழந்தார்கள் என்று அதைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. பகிஷ்காரம் என்ற சொல்லும் அங்கே ஓயவில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் புறக்கணிப்பு என்று மாறிவிட்ட பிறகும், இலங்கைப் பத்திரிகைகளில் டாக்டர்களும் ரயில்வே ஊழியர்களும் இன்றைக்கும் பணிப்பகிஷ்கரிப்பில்தான் ஈடுபடுகிறார்கள்.

இதுவரை சொன்ன கதைகளில் எல்லாம் பலவீனமானவர்கள் பலர், பலமானவர் ஒருவர். அதனால் பாய்காட் என்றதும் நியாயத்தின் பக்கம் இருக்கும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மேயோ செய்த உதவி அது, செய்த கெடுதலும் அதுதான். ஊரே திரண்டு ஒருவனை ஒதுக்கும் வேலையை நம் கிராமங்களுக்கு எந்த ஐரிஷ்காரனும் வந்து கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஊர்விலக்கு, தள்ளிவைப்பு, ஊர்க்கட்டுப்பாடு என்று அதற்குத் தமிழிலேயே பெயர்கள் உண்டு. நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது, வயலில் வேலை தரக்கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடக்கூடாது. லாக் மாஸ்க்கில் பாய்காட்டுக்கு நடந்த அதே பட்டியல். ஒரு வித்தியாசம், இங்கே ஒதுக்கப்படுபவனுக்கு ஆயிரம் சிப்பாய்கள் வருவதில்லை.

அம்பேத்கர் 1927-ல் தொடங்கிய பத்திரிகைக்கு பகிஷ்க்ருத் பாரத் என்று பெயர் வைத்தார். பகிஷ்கரிக்கப்பட்ட பாரதம். காங்கிரஸ் மேடைகளில் அந்நியத் துணிக்கு எதிராக முழங்கிய அதே சொல், இங்கே நாட்டின் ஒரு பகுதி மனிதர்களைக் குறித்தது.

இந்த இரட்டை முகம் மார்ட்டின் லூதர் கிங்கையும் உறுத்தியிருக்கிறது. 1955 டிசம்பர் 5 அன்று மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்த போராட்டம் தொடங்கி 381 நாள் நடந்தது. உலக வரலாற்றில் அது பஸ் பாய்காட் என்றே பதிவாகியிருக்கிறது. ஆனால் தொடங்கும் முன்பே கிங் தயங்கினார். கறுப்பினத்தவரை மிரட்ட வெள்ளையர் கவுன்சில்கள் கையாண்ட முறையும் இதுதானே என்று யோசித்தார். பஸ் கம்பெனியை ஒழிப்பது நோக்கமல்ல, தீமைக்குக் கொடுத்துவந்த ஒத்துழைப்பை நிறுத்துவதுதான் என்று தெளிந்த பிறகே முன்னே போனார். பின்னாளில் அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதிய நூலில் இதை அவர் மறைக்கவில்லை.

இன்றைக்கு இந்தச் சொல்லின் விலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு படத்தின் டிரெய்லர் வந்த அரை மணி நேரத்தில் அதை பாய்காட் செய்யச் சொல்லி ஹேஷ்டேக் ஓடுகிறது. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் எப்படியும் அந்தப் படத்துக்குப் போகப் போவதில்லை. பாலின்ரோப் ரொட்டிக்கடைக்காரர் நல்ல வாடிக்கையாளரையும் அவர் தரும் காசையும் இழந்தார். கோரல் மில் தொழிலாளி கூலியை இழந்தார். கைக்காசு போகாத பாய்காட்டுக்கு வேறு பெயர்தான் தேட வேண்டும். வக்கீல்களின் கோர்ட் பாய்காட் இன்னொரு ரகம். அதில் இழப்பு உண்டு, ஆனால் இழப்பவர் வாய்தாவுக்கு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த கட்சிக்காரர். வக்கீல்களுக்கு வேலைநிறுத்தமோ பாய்காட்டோ செய்ய உரிமை இல்லை என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அது எத்தனை முறை நடந்தது என்பது கோர்ட் வாசலில் டீ விற்பவருக்குத் தெரியும்.

பாய்காட்டைச் சட்டத்தால் பிடிக்க முடியாமல் 1880-ல் திணறிய பிரிட்டிஷ் அரசு, பிறகு தன் காலனிகளில் அதற்கென்றே சட்டம் போட்டது. பர்மாவில் தேசியவாதிகள் அரசாங்கத்தோடு ஒட்டிப்போனவர்களை ஊர்விலக்கு செய்ததை அடக்க 1922-ல் பாய்காட் எதிர்ப்புச் சட்டம் வந்தது. அடக்குமுறைச் சட்டம்தான். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்டோருக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். சமூகப் பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. குற்றத்தின் விளக்கத்தை இருவரும் எடுத்தது அந்த பர்மா சட்டத்திலிருந்து. விடுதலை இயக்கத்தின் மீது பாய்ந்த சட்டத்தின் வாசகத்தை, அந்த இயக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குக் கேடயமாகத் திருப்பினார்கள்.

1930-ல் அது ஏற்கப்படவில்லை. மகாராஷ்டிரம் சமூகப் பகிஷ்காரத்துக்கு எதிராகத் தனிச்சட்டம் கொண்டுவந்தது 2016-ல். அதற்குச் சற்று முன், 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித்துகள், பழங்குடியினர் மீது சமூக பாய்காட்டோ பொருளாதார பாய்காட்டோ விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை. கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பது, கூலி வேலை மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது என்று அதன் விளக்கம் போகிறது. அம்பேத்கரும் சீனிவாசனும் கொடுத்த காகிதத்தில் இருந்த சொற்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. நிரூபிப்பதுதான் இப்போதும் கஷ்டம். ஊர்க்கட்டுப்பாடு காகிதத்தில் எழுதப்படுவது அபூர்வம். சாமான் தராதே என்று தன்னிடம் சொன்னது யார் என்பதை மளிகைக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால்தான் வழக்கு நிற்கும். சொன்னால், அடுத்த கட்டுப்பாடு அவருக்கு.